கடையைக் கட்டிவிட்டுப் படுங்கள்

புனேயில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மதியம் 1 முதல் 4 வரை வியாபாரம் கிடையாது. பாகர்வடிக்குப் பேர்போன சிதளே பந்து கடையே பல காலம் அந்த மூன்று மணி நேரம் ஷட்டரை இறக்கி வைத்திருந்தது. வீட்டு வாசல்களில் ‘இந்த நேரத்தில் மணி அடிக்காதீர்கள்’ என்று கறாராகப் பலகை தொங்கும். அதற்குப் ‘புணேரி பாட்டி’ என்று பெயர். நம் வீட்டுப் பாட்டி இல்லை. மராத்தியில் பாட்டி என்றால் பலகை.

அதே ஊரில் இன்று ஹிஞ்சவடியிலும் கராடியிலும் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கும் மண்டைக்குள் கடை திறந்தே கிடக்கிறது.

வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்கிறார்; கடிகாரத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 7.30. கலிஃபோர்னியா வாடிக்கையாளர் என்றால் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மீட்டிங் முடிந்து, வாகட் பகுதியில் பி.ஜி. விடுதி அறையில் ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றுவிட்டு விளக்கை அணைக்கும்போது மணி 12. உடம்பு படுத்துவிடுகிறது. மனசு எழுந்து உட்கார்ந்து கணக்குக் கேட்கிறது: ‘அந்த டிக்கெட்டை முடித்தோமா? “அப்புறம் பேசலாம்” என்று மேனேஜர் ஏன் சொன்னார்? அப்ரைசலில் என்ன எழுதுவார்?’

மனசை அதட்டிப் பயனில்லை. தூங்கு, தூங்கு என்று விரட்ட விரட்டத் தூக்கம் தள்ளிப் போகும். ஊரில் மளிகைக்காரர் கடையைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கியை நோட்டில் குறிப்பார், வாசலில் தொங்குவதை உள்ளே எடுப்பார், கடைசியில்தான் ஷட்டர். அந்த வரிசையிலேயே நாமும் போகலாம்.

1. பாக்கியை எழுதுங்கள்

முடிந்த வேலையைவிட முடியாத வேலைதான் நினைவில் ஒட்டிக்கொள்ளும் என்று 1927-லேயே எழுதினார் உளவியலாளர் ப்ளூமா சைகார்னிக். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனசு அதையே திரும்பத் திரும்ப எடுத்து நீட்டுகிறது.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு இதைத் தூக்க ஆய்வகத்திலேயே சோதித்தது. 57 இளைஞர்கள் படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். பாதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் முடித்துவிட்ட வேலைகளை. 2018-ல் வெளியான முடிவு: செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ, அவ்வளவு சீக்கிரம் தூக்கம்.

விவரம்தான் முக்கியம். ‘ரிப்போர்ட், வீட்டு விஷயம், லீவு’ என்று கிறுக்கினால் மனசு நம்பாது. இப்படி எழுதுங்கள்:

‘காலை 10.15: பில்லிங் ரிப்போர்ட்டில் ஜூன் மாத எண் தப்பு; டெஸ்டிங் டீமிடம் கேட்க வேண்டும்.’

‘மதியம் 2: கோயம்புத்தூர் டிக்கெட் பார்த்துவிட்டு தீபாவளி லீவு போட வேண்டும்.’

‘சனி காலை: அம்மா கண் ஆபரேஷன் தேதி பற்றி அண்ணனிடம் பேச வேண்டும்.’

காகிதத்தில், பேனாவால் எழுதுங்கள். போனில் எழுத ஆரம்பித்தால் விரல் தானாக மெயிலுக்குப் போய்விடும்.

2. கவலைக்கு நேரம் குறியுங்கள்

எல்லாக் கவலையும் பட்டியலில் அடங்காது. ‘ஆட்குறைப்பு வருமா?’ என்பதற்கு நாளைக் காலை 10.15-க்குச் செய்ய எதுவுமில்லை. இந்த வகைக்கு உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் சகாக்களும் 1983-ல் ஒரு வழி சொன்னார்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், ‘உனக்கு நாளை மாலை நேரம் குறித்திருக்கிறது’ என்று அனுப்பிவையுங்கள். ஹிஞ்சவடி நெரிசலில் ஆபீஸ் வண்டி தினமும் நிற்கும் அரை மணி நேரம் இதற்குத் தோதானது. படுக்கை மட்டும் கூடாது.

3. வாசலில் தொங்குவதை உள்ளே எடுங்கள்

முதலில் டீ. புனேயில் அம்ருத்துல்ய டீக்கடை இல்லாத தெரு அபூர்வம். ஆனால் குடித்த காஃபீனில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். இரவு 9 மணி டீ அதிகாலை 2 மணிக்கும் பாதி விழித்திருக்கும்.

அடுத்தது மெசேஜ். ‘ஏதாவது அவசரமாக வந்திருக்குமோ’ என்ற சந்தேகம்தான் போனை எடுக்க வைக்கிறது. அதற்கு மேனேஜரிடம் பகலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்: “சார், 11 மணிக்கு மேல் வரும் மெசேஜுக்குக் காலை 9.30-க்குப் பதில் போட்டுவிடுகிறேன். புரொடக்‌ஷன் விழுந்தால் மட்டும் போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.” அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்துவிட்டால், திரையைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

4. ஷட்டரை இறக்குங்கள்

பி.ஜி.யில் கட்டில்தான் மேஜை, கட்டில்தான் சாப்பாட்டு இடம். அதில் படுத்தவுடன் மூளை வேலைக்குத் தயாராவதில் வியப்பில்லை. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பைத் திரும்பப் பழக்க வேண்டும் என்றார் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின், 1972-ல். லேப்டாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மடக்கு மேஜை வாங்கிவிடுங்கள். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து அந்த நாற்காலியில் உட்காருங்கள். மங்கிய வெளிச்சத்தில் சுவாரஸ்யமே இல்லாத எதையாவது படியுங்கள். கண் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

எழவும் அலுப்பாக இருந்தால் கனடாவின் அறிவாற்றல் ஆய்வாளர் லூக் போடுவான் சொல்லும் விளையாட்டு இருக்கிறது. ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பொருள்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் கொண்டுவர வேண்டும். ‘ம’ என்றால் மத்தளம், மண்பானை, மரங்கொத்தி, மல்லிச்செடி. ஒவ்வொன்றையும் சில வினாடி பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுங்கள். தொடர்பில்லாத படங்களுக்கு நடுவே அப்ரைசல் பற்றிக் கோவையாக யோசிப்பது கஷ்டம்.

5. உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

1937-ல், 18 வயதில், யோகம் கற்பிக்கப் புனேவுக்கு வந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். 2014-ல் மறையும் வரை இதே ஊர்தான். மறைந்த மனைவியின் பெயரில் 1975-ல் தொடங்கிய ராமாமணி ஐயங்கார் நினைவு யோக நிலையம் இன்றும் சிவாஜிநகர் பக்கம் இயங்குகிறது. வளைய முடியாத உடம்புக்கு நாற்காலி, தலையணை, போர்வை, கயிறு என்று முட்டுக்கொடுத்து யோகத்தை எளிதாக்கியவர் அவர்.

அந்த வழியில் வரும் விபரீத கரணியை இரவில் செய்து பாருங்கள். இடுப்புக்கடியில் தலையணை, கால்கள் சுவரில், கைகள் தளர்ந்து பக்கத்தில். ஐந்து நிமிடம் மூச்சை மெதுவாக விடுங்கள். கண் அழுத்த நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

6. கோளாறு உங்களிடம் இல்லாதபோது

சில வேலைகளில் எந்தப் பட்டியலும் போதாது. புனேயில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஓர் இளம் பட்டயக் கணக்காளர் 2024 ஜூலையில் இறந்தார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. வேலை நேரத்துக்குப் பின் அழைப்பை மறுக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்தில் இருக்கிறது. புனே மாவட்டத்தின் பாராமதித் தொகுதி எம்.பி. சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் இதையே தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே, எத்தனை நாள் எத்தனை மணி வரை வேலை பார்த்தீர்கள் என்று நீங்களே தேதிபோட்டுக் குறித்து வையுங்கள். மேனேஜரிடமோ எச்.ஆரிடமோ பேசும்போது ‘ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது’ என்பதைவிட அந்தத் தாள் உதவும்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. மனசு கனத்துப்போய்ப் பேச ஆள் வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஆறையும் இன்றே செய்ய வேண்டாம். முதலாவதை மட்டும் செய்யுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஐந்து நிமிடம் எழுதி மூடி வைத்துவிட்டுப் படுங்கள். மீதி வியாபாரம் காலையில்.