‘சந்தேகம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?



வளைகுடாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கும் நம்மூர்த் தம்பி ஒருவர், விடுமுறையில் வந்தபோது சொன்னது இது. கல்லாவில் பணம் குறைந்திருக்கிறது. கூட வேலை செய்பவர் மீது பேச்சு திரும்பியிருக்கிறது. அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று இவருக்கு நன்றாகத் தெரியும். ‘அவர் எடுத்திருப்பார் என்று நான் சந்தேகப்படவில்லை’ என்று மேலாளருக்கு எழுத நினைத்தவர், ‘ஐ டோன்ட் டவுட் தட் ஹி டுக் த மணி’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அதன் பொருள் என்ன தெரியுமா? ‘எடுத்தது அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.’ காப்பாற்றப் போய் மாட்டிவிட்டுவிட்டார்! மேலாளர் நிதானமானவர். நேரில் அழைத்து விசாரித்ததால் விஷயம் விளங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

தவறு தம்பியுடையது மட்டுமல்ல. தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அவற்றைத் தனித்தனிச் சொற்கள் செய்கின்றன. ‘டவுட்’ என்றால், ஒன்று நடந்திருக்காது என்று எண்ணுவது. ‘சஸ்பெக்ட்’ என்றால், நடந்திருக்கும் என்று எண்ணுவது. ‘ஐ டவுட் ஹி டுக் இட்’ என்றால், அவர் எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்’ என்றால், அவர்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டும் நேர் எதிர். தம்பி எழுதியிருக்க வேண்டியது ‘ஐ டோன்ட் சஸ்பெக்ட் ஹிம்’. நான்கே நான்கு சொல் போதும்.

வகுப்பில் ‘சார், எனக்கு ஒரு டவுட்’ என்கிறோமே, அது நம் நாட்டு ஆங்கிலம். இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள் ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்று கேட்டுப் பழகுவது நல்லது. இல்லாவிட்டால் ஆசிரியர் சொன்னதையே நம்பவில்லை என்பது போல் ஒலிக்கும்.

இனி ‘டிஸ்ட்ரஸ்ட்’. இது ஒரு செயலைப் பற்றிய ஐயம் அல்ல. ஓர் ஆள் மீதோ நிறுவனத்தின் மீதோ நம்பிக்கை இல்லாமல் இருப்பது. ‘மிஸ்ட்ரஸ்ட்’ என்பதும் ஏறக்குறைய அதே பொருள்தான். பட்டறிந்த பிறகு வரும் அவநம்பிக்கைக்கு ‘டிஸ்ட்ரஸ்ட்’ என்றும், காரணம் சொல்லத் தெரியாமல் மனம் ஒட்டாதிருப்பதற்கு ‘மிஸ்ட்ரஸ்ட்’ என்றும் சிலர் பிரித்து எழுதுவார்கள். எல்லோரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ‘ஐ டிஸ்ட்ரஸ்ட் ஹிம்’ என்பதே சரி, நடுவில் ‘ஆன்’ வராது. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘டிஸ்ட்ரஸ்ட் ஆஃப்’.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘ட்ரஸ்ட்’தான் நம் அறக்கட்டளையின் பெயரிலும் இருக்கிறது. பிறர் நலனுக்காக ஒருவரை நம்பிச் சொத்தை ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். நாம் அமானிதம் என்கிறோம். கடனுதவி கேட்டு வருவோரிடம் கையெழுத்தும் சாட்சியும் கேட்டால், ‘எங்களை நம்பவில்லையா?’ என்று சிலர் வருந்துகிறார்கள். அது டிஸ்ட்ரஸ்ட் அல்ல. கடன் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம், பின்னால் சந்தேகம் எழாமலிருக்க அதுவே ஏற்றது என்று காரணத்தையும் சொல்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அது.

அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் விலகியிருக்கச் சொல்லும் ‘ழன்னு’ என்பதற்கு ‘சஸ்பிஷன்’ பொருந்தும். இதன் உரிச்சொல்லான ‘சஸ்பிஷியஸ்’ கொஞ்சம் விஷமமானது. ‘ஹி இஸ் சஸ்பிஷியஸ்’ என்றால், அவர் சந்தேகப்படுகிறார் என்றும் ஆகும், அவரைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்றும் ஆகும்! ‘சஸ்பிஷியஸ் ஆஃப்’ என்று யாரை என்பதையும் சேர்த்து எழுதினால், சந்தேகப்படுபவர் அவர் என்பது தெளிவாகும்.

நபி (ஸல்) அவர்கள் ரமளானில் இஃதிகாஃப் இருந்தபோது, இரவில் பார்க்க வந்த தம் மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்து சென்றார்கள். அவ்வழியே விரைந்து போன இரு அன்ஸாரித் தோழர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யாதான் என்று தாமே சொன்னார்கள். அத்தோழர்களிடம் சஸ்பிஷன் இருக்கவில்லை. ஷைத்தான் அதை உள்ளத்தில் போட்டுவிடக் கூடாதே என்றுதான் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

கீழுள்ளவற்றை டவுட், சஸ்பெக்ட், டிஸ்ட்ரஸ்ட் மூன்றில் பொருத்தமானதைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். விடைகள் இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில்.

வானத்தில் மேகமே இல்லை, இன்று மழை வரும் என்று தோன்றவில்லை.

பூட்டு உடைந்திருக்கிறது, யாரோ உள்ளே போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த விசா ஏஜென்ட் முன்பே இருவரை ஏமாற்றியவர், அவரை நாங்கள் நம்புவதில்லை.