ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி

"சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி. மீட்டர் ஜென்யூன். இன்ஜின்ல யாரும் கையே வெச்சது கிடையாது."

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்த கார் கன்சல்டிங்கில் நுழைந்தாலும் இது காதில் விழாமல் இருக்காது. வடசென்னை டாக்டர்கள் எல்லோரும் மாதத்துக்கு ஒரு கார் விற்றால்கூட இத்தனை டாக்டர் வண்டி தேறாது. வாங்க வருகிறவரும் லேசுப்பட்டவர் இல்லை. பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கண்ணாடி வழியாக எட்டி மீட்டரைப் பார்த்துவிடுகிறார். நாற்பதாயிரம் என்றால் முகம் மலர்கிறது. ஒன்றரை லட்சம் என்றால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுகிறார்.

அப்படி நகரத் தேவையில்லை என்பது இதை எழுதுகிறவரின் கட்சி. உறவுக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் துணையாகப் போய், கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் வண்டி பார்த்துப் பார்த்து ஏற்பட்ட கட்சி. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ஆலைகள், ஓரமெல்லாம் கடல் என்று இருக்கும் இந்தப் பகுதியில் வண்டி எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது, எங்கே நின்றது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கணக்கு எளிது. கல்கத்தா நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 1,20,000 கிலோமீட்டரைத் தொட 2,000 மணி நேரம் ஆகும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காசிமேடு வழியாகத் தினமும் ஊர்ந்த வண்டிக்குச் சராசரி வேகம் 15 என்று வைத்துக்கொள்வோம். வெறும் 40,000 கிலோமீட்டர் ஓடவே அதன் இன்ஜின் ஏறத்தாழ 2,667 மணி நேரம் சுற்றியிருக்கும். மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது, இன்ஜினோ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உழைத்திருக்கிறது. கிளட்ச் எத்தனை முறை மிதிபட்டது, நின்ற இடத்திலேயே ஏசி கம்ப்ரஸரும் ரேடியேட்டர் ஃபேனும் எவ்வளவு நேரம் ஓடின என்பதெல்லாம் எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை.

நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன் 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013-இல் 30 லட்சம் மைலைத் தொட்டார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். வேலைக்குப் போய்வரவே தினம் 200 கிலோமீட்டர் அவருக்கு. நீண்ட தூரம், சீரான வேகம், தவறாத ஆயில் மாற்றம். மந்திரம் எதுவும் இல்லை.

அந்த அளவுக்குப் போக வேண்டாம். சித்தப்பா மகன் ஒருவர் திருவொற்றியூரில் வாங்கிய 2014 மாடல் டிசையர் டீசலையே எடுத்துக்கொள்ளலாம். மீட்டரில் 1,58,000. விற்றவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை, தினமும் நெடுஞ்சாலையில் போய்வந்தவர். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பலர் திரும்பிப் போய்விட்டதால் விலையும் இறங்கியிருந்தது. பேச்சு வளர்க்காமல் அவர் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து வைத்தார். ஆயில் சர்வீஸ், கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர் என்று தேதியும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும் பில்கள். இன்ஜினும் ஊரறிந்த இன்ஜின்தான். ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 லிட்டர் மல்டிஜெட்டை ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ எனப் பல வண்டிகளில் பூட்டியிருக்கிறார்கள். அதனால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளுக்குப் போனால் பழையதிலும் கிடைக்கும்.

அதே சமயத்தில் காசிமேட்டுப் பக்கம் பார்த்த சின்ன பெட்ரோல் காரின் மீட்டர் 38,000 காட்டியது. பெயின்ட் பளபளத்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியதும் முனை உள்ளே போய்விட்டது. வெளியே பெயின்ட், அதற்குள் பட்டி, அதற்குள் ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் கடலைப் பார்த்தபடி தெருவில் நின்ற வண்டி அது.

உப்புக் காற்று செய்யும் வேலை இது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தகடும் தகடும் சேரும் மடிப்புகளில் அந்த ஈரம் காயவே காயாது. ஓடுகிற வண்டியாவது வெயிலிலும் சூட்டிலும் கொஞ்சம் உலரும், நிற்கிற வண்டிக்கு அந்த யோகமும் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் மழைக்காலத்து அலை கல்சுவரில் மோதித் தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே மேல் பெயின்டை விட்டுவிட்டுக் கீழே பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழி, பானெட்டுக்குள் முன் சஸ்பென்ஷனின் தலை உட்காரும் இடம், பிரேக் பைப், சைலன்ஸர் இணைப்புகள், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர். மேலாகப் படிந்த துரு தேய்த்தால் போகும், அதற்காக வண்டியை விடத் தேவையில்லை. தகடு செதில் செதிலாக உரிந்தாலோ, அடிப்பக்கம் முழுக்க அப்போதுதான் கறுப்புப் பூச்சு அடித்திருந்தாலோ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். நம்பர் பிளேட்டும் ஒரு துப்புத் தரும். டி.என். 03 தண்டையார்பேட்டை, டி.என். 37 கோவை தெற்கு. கோவையிலேயே ஓடி அண்மையில்தான் இங்கே வந்த வண்டி என்றால் அதன் அடித்தகட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

உப்பைவிட மோசமானது வெள்ளம். 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. பெரிய மழை வேண்டியதில்லை, ஓர் இரவு மழைக்கே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு எங்கோ ஓரிடத்தில் விற்பனைக்கு வரத்தான் செய்யும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கும், அதுவரை இழுத்துக் கழுவுகிறவர்கள் குறைவு. சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சைப் பூப்பு. காருக்குள் சென்ட் வாசம் தூக்கலாக அடித்தால் மூக்கை இன்னும் கொஞ்சம் நம்பலாம். மூழ்கிய வண்டியின் இன்ஜினைச் சரிசெய்ய முடியும். ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் இரண்டு வருடம் கழித்துக்கூட மக்கர் செய்யும்.

இந்த வடசென்னைத் தடத்துக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் மறுவருடமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே வருடம் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியின் தொடக்கமும் அதே திருவொற்றியூரில் 1946-இல் போட்ட பலூன் கொட்டகைதான். இன்று சென்னைத் துறைமுகத்திலும் காமராஜர் துறைமுகத்திலும் மீட்டரில் சில கிலோமீட்டர்கூட ஏறாத புதுக் கார்கள் கப்பலேறுகின்றன. வெளியே கன்டெய்னர்களுக்கு நடுவே நின்றபடி உள்ளூர்க்காரர் செகண்ட் ஹேண்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். இத்தனை கம்பெனிகள் இங்கே வந்ததில் ஒரு வசதி இருக்கிறது. இயந்திரம் தெரிந்த ஒருவர் நாலு தெருவுக்குள் கட்டாயம் கிடைப்பார். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது, காப்பீடு எடுப்பதைவிட லாபம்.

அவர் வரும் நாளுக்கு முந்தின இரவே விற்பவருக்குப் போன் போட்டுவிட வேண்டும். "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்கண்ணே." போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் எதையோ காட்டிக்கொடுக்கும் என்று அந்த அண்ணன் பயப்படுகிறார் என்று பொருள். ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதிகம் ஓடிய டீசல் இன்ஜினின் ஜாதகம் தெரியும். லேசாக ஆவி வரலாம். புகை குபுகுபுவென்று அடித்துத் தள்ளினால் அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சைலன்ஸரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கூலன்ட் உள்ளே இறங்குகிறதா என்று சந்தேகிக்கலாம். கறுப்புப் புகைக்கு இன்ஜெக்டரோ டர்போவோ ஏர் ஃபில்டரோ காரணமாக இருக்கும். ஓட்டும்போது நான்காம் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் செட்டுக்கான பணத்தை விலையிலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு லட்சம் தாண்டிய வண்டியில் கட்டாயம் கேட்க வேண்டியது டைமிங் பெல்ட் மாற்றிய பில். அந்த டிசையரில் இருப்பது செயின், அதற்கு இந்தக் கவலை இல்லை. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல், ஃபோர்டு ஃபிகோ டீசல், டஸ்டர், சன்னியில் வந்த 1.5 லிட்டர் டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட்டையே இறக்க வேண்டிவரும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபின் அதன் பழைய கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஸ்பேருக்கு ஆள் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசலில் இன்னொரு சங்கதி. சைலன்ஸர் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே மட்டும் ஊர்ந்த வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அன்றாட ஓட்டமே அவ்வளவுதான் என்பவர்கள் பெட்ரோல் பக்கம் போவது நல்லது.

மீட்டரைக் குறைப்பது லேப்டாப் வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்றொரு சான்று இருக்கிறது. வொர்க்ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் எண் பதிவாகும், அந்தச் சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. இங்கே அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். வண்டி எண்ணைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய விவரம் பெரும்பாலும் கிடைக்கும், உரிமையாளரை உடன் அழைத்துப் போனால் மறுக்க மாட்டார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. 2013 மாடல், மீட்டர் 35,000, ஆனால் நாலு டயரும் 2019 என்றால் முதல் செட் எங்கே தேய்ந்தது என்று கேட்கலாம். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுத்திருப்பதும், ஏறி இறங்கும் பக்கம் டிரைவர் சீட் அமுங்கியிருப்பதும் பொய் சொல்லாது. நம்பர் பிளேட்டின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் எட்டிப் பார்த்தாலோ, கூரையில் கேரியர் மாட்டிய ஓட்டை அடைத்திருந்தாலோ அது டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டி. கப்பல் கம்பெனிகளுக்கும் மணலி ஆலைகளுக்கும் இரவு பகல் பாராமல் ஓடியதாக இருக்கலாம். அதற்காகத் தள்ள வேண்டாம், விலையை மட்டும் தள்ளிக் கேட்கலாம்.

காகிதத்தில் ஒன்றே ஒன்றுக்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வந்து ஃபாரம் 29, 30-இல் கையெழுத்துப் போட வேண்டும். புரோக்கர் நீட்டும் தேதி போடாத, ஏற்கெனவே கையெழுத்தான ஃபாரம் உதவாது. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் மோதிய நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் விற்பவரே வேகமாகப் பெயர் மாற்றித் தர முன்வருவார். வாங்குகிறவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும். நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும். ஃபைனான்ஸ் இருந்த வண்டியென்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-உம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். 15 வருடத்தை நெருங்கும் வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் செலவைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். 2022 ஏப்ரலில் கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது.

விலை முடிந்ததும் கையிருப்பை எல்லாம் துடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. வண்டி விலையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முதல் மாத வேலைக்கு வேண்டும். டிசையருக்கு முதலில் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கும் மாற்றப்பட்டன. பிறகு லிங்க் ராடு, முன் பிரேக் பேடு. அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலரவிட்ட பின்பே துருத் தடுப்புப் பூச்சு. உலராமல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றில் அடைத்திருந்த மண்ணை ஒரு பழைய சைக்கிள் கம்பியால் குத்திவிட்டதுதான் செலவே இல்லாத வேலை. ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தடவை, மழை ஓய்ந்து தையில் ஒரு தடவை அதைச் செய்தால் போதும் என்றார் மெக்கானிக்.