கோடையில் வண்ணமீன்களைக் காப்பது எப்படி?



மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் நமக்கு மோர், இளநீர், நுங்கு, மதிய ஓய்வு என்று பல வழிகள் உண்டு. குளத்து மீன்கூட வெயில் ஏறினால் ஆழத்துக்கு இறங்கிக்கொள்ளும். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு அந்த வழியும் இல்லை. ஓரடி ஆழத் தண்ணீரில் மேலே என்ன சூடோ ஏறக்குறைய அதே சூடுதான் கீழேயும். நாம் செய்து கொடுப்பது மட்டுமே அதற்குக் கிடைக்கும். அந்த வகையில் அது நம் கையில் உள்ள அமானிதம்.

இதில் வாழ்வாதாரமும் அடங்கியிருக்கிறது. வட்டியில்லாக் கடன் பெற்று, மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி அமைத்து, கப்பி, மோலி, ஃபைட்டர் மீன்களை வளர்த்துக் கொளத்தூர்க் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே பகலில் ஒரு தொட்டி மீன் செத்தால், மூன்று மாத உழைப்பு போகும். அடுத்த தவணைக்கும் வழி இருக்காது. ஆகவே, வெயில் உச்சத்துக்குப் போகும் முன்பே இப்பாடத்தைப் படித்து வைத்துக்கொள்வோம்.

வெப்பம் மீனை எப்படிக் கொல்கிறது?

பலர் நினைப்பதுபோல் மீன் சூட்டில் வெந்து சாவதில்லை. பெரும்பாலும் மூச்சுத் திணறியே சாகிறது. இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

முதலாவது, தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகவும், 35 டிகிரியில் 7 ஆகவும் இறங்கிவிடும். இது தூய நீர் தாங்கக்கூடிய உச்ச அளவு. மீனும் கழிவும் நிறைந்த தொட்டியில் இருப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது, மீன் தன் உடல் சூட்டைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் உயிரினம் அன்று. தண்ணீரின் சூடுதான் அதன் உடல் சூடு. சூடு ஏறினால் அதன் உடல் இயக்கம் வேகமாகி, ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான் அதற்கும்.

மூன்றாவது, மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா. இதில் ஒரு பங்குதான் கடும் நஞ்சு. தண்ணீர் சூடாகும்போதும், அதன் காரத்தன்மை கூடும்போதும் அந்த நஞ்சுப் பங்கு உயர்கிறது. பிஎச் 8 உள்ள தண்ணீரில் 25 டிகிரியில் சுமார் 5 சதவீதமாக இருப்பது 30 டிகிரியில் சுமார் 7 சதவீதத்துக்கு மேல் போகிறது. காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

எந்த மீனுக்கு எவ்வளவு சூடு?

எல்லா மீனும் ஒன்றல்ல. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்பும் இனம். 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு இதம். நம் ஊர்க் கோடையில் முதலில் துன்பப்படுவது அதுதான். கப்பி, மோலி, ஏஞ்சல் ஆகியவை 24 முதல் 28 டிகிரியில் நலமாக இருக்கும். ஃபைட்டரும் குராமியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு பெற்றவை. ஆதலால் ஆக்சிஜன் குறைவைச் சற்றுத் தாங்கும். ஆனால் அம்மோனியா நஞ்சிலிருந்து அவற்றுக்கும் விலக்கு இல்லை.

அறிகுறிகள்

மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுதல், செவுள் வேகமாக அசைதல், ஏர் மோட்டார் குமிழி விடும் இடத்தில் கூட்டமாக நிற்றல், தீனியை நாடாமை, மூலையில் அசையாமல் கிடத்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

செய்ய வேண்டியவை

1. தொட்டிக்கு ஒரு வெப்பமானி வாங்குங்கள். காலை, பிற்பகல் இரண்டு வேளையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கையை விட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது.

2. தொட்டியை சன்னல் வெயில் படாத, மேற்குச் சுவரை ஒட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். பெரும்பகுதி நீரை இறக்கிய பின்பே நகர்த்த வேண்டும்.

3. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலையால் மூடுங்கள். விளக்கை எரிய விடும் நேரத்தைக் குறையுங்கள். ஹீட்டர் இருந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

4. ஏர் மோட்டாரை இரவு பகலாக ஓட விடுங்கள். நீரின் மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே இறங்கும்.

5. நீரின் மேல் படும்படி சிறு மின்விசிறி வைத்தால், நீர் ஆவியாகும்போது சூடும் இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் இதன் பலன் சற்றுக் குறையும், ஆனாலும் பயனுண்டு. விசிறி தொட்டிக்குள் விழாதபடி கட்டி வையுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா மின் இணைப்பையும் நிறுத்துங்கள்.

6. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வெயில் தணிந்த வேளையில், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். பட்டினியால் ஒரு நாளில் எந்த வளர்ந்த மீனும் சாகாது; மிஞ்சிய தீனியால் சாகும்.

தண்ணீர் மாற்றும் கணக்கு

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். கல், மணல், மேல்வெளி போக 50 லிட்டர் என்று கொள்வோம். நீர் 33 டிகிரியில் இருக்கிறது. அதில் 10 லிட்டரை எடுத்துவிட்டு 28 டிகிரி நீர் 10 லிட்டர் ஊற்றினால், தொட்டி 32 டிகிரிக்கு வரும். ஒரு டிகிரி மட்டுமே இறங்கியது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மீனுக்கு அந்த மெதுவான இறக்கம்தான் பாதுகாப்பு. சில மணி நேரம் கழித்துத் தேவையானால் மறுபடியும் செய்யலாம்.

குழாய் நீராக இருந்தால் அகன்ற பாத்திரத்தில், நிழலில் ஒரு நாள் வைத்துக் குளோரின் போன பின்பே ஊற்ற வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பகலில் வரும் நீர் தொட்டி நீரைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

ஐஸ் கட்டிகளை அள்ளித் தொட்டியில் போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிடக் கேடு. மூடிய பாட்டிலில் உறைந்த நீரை மிதக்க விடலாம். அப்போதும் வெப்பமானியைப் பார்த்து, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் எடுத்துவிட வேண்டும்.

ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். அம்மோனியாவை மாற்றும் நன்மை தரும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

வாயோரமும் முதுகிலும் வெண்பஞ்சு போலப் படர்ந்தால், பூஞ்சை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் வேகமாகப் பரவும் ஒருவகை பாக்டீரியா நோயும் அப்படித்தான் தோன்றும். நோய்க்குச் சூடு ஏற்றும் பழைய வைத்தியம் இதை இன்னும் மோசமாக்கும். அந்த மீனைப் பிரித்து வைத்து, அனுபவமுள்ளவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மின்வெட்டு நேரத்தில்

பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இல்லையேல் ஒரு குவளையில் தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் மீன்கள் தாக்குப்பிடிக்கும். வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் தீனி போடவே கூடாது. மூடிய டப்பா வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டி, தொட்டி நீரால் அலசிய பிறகே ஓட விடுங்கள்.

மாடியில் வளர்ப்போருக்கு

சிமென்ட் தொட்டிகளின் மேல் பச்சை நிழல்வலை அல்லது கீற்றுப் பந்தல் கட்டாயம் வேண்டும். நீர்ச்செடிகள் நிழல் தரும். ஆனால் இரவில் அவையும் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். பகலெல்லாம் நன்றாக இருந்த மீன் காலையில் மிதப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். செடிகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்கு எழும்போது தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் பல இழப்புகளைத் தடுக்கலாம்.

கோடையில் ஒரு தொட்டியில் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதே சிறந்த காப்பு. விற்கும் அளவு வந்த மீன்களை ஏப்ரலிலேயே விற்றுவிடுங்கள். கடைக்குக் கொண்டு செல்வதை அதிகாலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கி வந்த மீனைப் பையோடு 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்து விடுங்கள்.

இந்த வாரமே வெப்பமானி வாங்கி, ஏழு நாள் குறிப்பு எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் சூடு ஏறுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நோட்டை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் கண்டது மற்றவருக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.