எஞ்சினை அணைத்தால் விண்கலம் நிற்குமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் அலகே 'இயக்க விதிகள்'. நியூட்டனின் முதல் விதியைப் பிழையில்லாமல் எழுதும் மாணவர்களிடம், "விண்வெளியில் ஒரு கலம் போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும்" என்பதே பெரும்பாலும் வரும் பதில். விதியைப் படித்ததற்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பு இருப்பதாகவே அவர்கள் நினைப்பதில்லை. மிதிப்பதை நிறுத்தினால் மிதிவண்டி நிற்கிறது. கைபேசி விளையாட்டிலும் விரலை எடுத்தால் கலம் நிற்கிறது. தினமும் கண்ணில் படுவதை ஒரு மதிப்பெண் வரையறை எளிதில் வென்றுவிடாது.

இந்தத் தவறான கருத்தை எதிர்கொள்ள, பழைய கணினி விளையாட்டு ஒன்றும் அதன் இரண்டாம் பாகமும் நமக்கு நல்ல பாடப்பொருளாக அமைகின்றன. விளையாட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மாணவர்களை விளையாட வைப்பது நோக்கமன்று. அவை செய்யப்பட்ட விதத்தில் நம் பாடநூலின் இரண்டு மூன்று அலகுகள் அடங்கியிருக்கின்றன.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த டேவிட் பிராபென், இயன் பெல் ஆகிய இருவர் எழுதிய 'எலைட்' 1984இல் பி.பி.சி. மைக்ரோ என்ற கணினிக்காக வெளிவந்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு கோள்களுக்கிடையே வணிகம் செய்ய வேண்டும். வழியில் கொள்ளையர் வந்தால் போரிட வேண்டும். அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் அந்த விளையாட்டில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 என மொத்தம் 2,048 உலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், இடம், மக்கள்தொகை, அரசு முறை உண்டு. இவ்வளவையும் எங்கே வைத்தார்கள்?

வைக்கவே இல்லை என்பதுதான் விடை. மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொண்டார்கள். முதல் மண்டலத்திற்கான எண்கள் 23114, 584, 46931. மூன்றையும் கூட்டினால் 70629. 65536ஐத் தாண்டினால் அதைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. எனவே அடுத்த எண் 5093. பிறகு கடைசி மூன்று எண்களைக் கூட்ட வேண்டும்: 584 + 46931 + 5093 = 52608. அதற்கடுத்து 104632, அதாவது 39096. இந்த எண்களின் இலக்கங்களிலிருந்தே உலகத்தின் பெயரும் பிற விவரங்களும் பிறந்தன. தொடக்க எண்கள் மாறாததால் யார் கணினியில் ஓடினாலும் அதே உலகங்கள், அதே பெயர்களுடன் வரும்.

எட்டாம் வகுப்புக் கணக்கில் தகவல் செயலாக்க இயலில் வரும் ஃபிபோனாச்சி எண்களின் நெருங்கிய உறவுதான் இது. அங்கே இரண்டு எண்களைக் கூட்டுகிறோம், இங்கே மூன்று. 65536ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுப்பது பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம். வகுப்பறைக்கு எளிமையாக்க, கூட்டுத்தொகையின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எடுக்கச் சொல்லலாம். 17, 42, 85 என்று தொடங்கினால் 44, 71, 00, 15, 86 என்று போகும். முதல் இலக்கம் கோளின் நிறம், இரண்டாம் இலக்கம் துணைக்கோள்களின் எண்ணிக்கை என்று வகுப்பே ஒரு விதி வைத்துக்கொண்டால், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூட ஒரு தாளில் தன் மண்டலத்தை வரைந்துவிடும். வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்திருக்கும் இருவர் ஒரே எண்களில் தொடங்கி ஒரே கோள்களை வரைந்திருப்பதைக் காணும்போதுதான் விதி என்பதன் பொருள் குழந்தைகளுக்குப் பிடிபடுகிறது.

இயற்பியலில் மட்டும் எலைட் பொய் சொன்னது. கலத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே கலமும் போகும். அதற்கு ஓர் உச்ச வேகமும் உண்டு. காற்றில் பறக்கும் விமானத்தின் நடத்தை இது. காற்றே இல்லாத வெளியில் மூக்கைத் திருப்பினால் மூக்கு மட்டுமே திரும்பும்; கலம் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும்.

1993இல் வெளிவந்த இரண்டாம் பாகமான 'ஃபிரான்டியர்: எலைட் 2' இதைத் திருத்தியது. இம்முறை பிராபென் இயன் பெல் இல்லாமல் உருவாக்கினார். சூரியனுக்கு அருகிலுள்ள உண்மையான விண்மீன்கள், சுற்றிவரும் கோள்கள், ஈர்ப்பு எல்லாம் ஒரே ஃபிளாப்பி வட்டில் அடங்கின. கலங்கள் நியூட்டன் விதிப்படி ஓடின. எஞ்சினை அணைத்தால் கலம் அதே திசைவேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டுமென்றால் எதிர்த்திசையில் விசை தர வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. ஓய்வில் இருக்கும் கலம் 20 மீ/வி² முடுக்கத்தில் 60 விநாடி செல்கிறது. திசைவேகம் 1,200 மீ/வி, கடந்த தொலைவு 36 கி.மீ. முன்பக்க எஞ்சின் 10 மீ/வி² மட்டுமே தரும் என்றால், நிறுத்த 120 விநாடியும் 72 கி.மீட்டரும் வேண்டும். கலத்தையே பின்புறமாகத் திருப்பிப் பெரிய எஞ்சினை இயக்கினால் 60 விநாடி, 36 கி.மீ. போதும். நிற்பதற்குப் பின்னால் திரும்புவதா என்று வகுப்பு சிரிக்கும். சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி விநாடிக்குச் சுமார் 1.68 கி.மீ. வேகத்தைக் குறைக்க இப்படித்தான் பயணத் திசைக்கு எதிராக எஞ்சின்களை இயக்கியது என்று அப்போது சொல்லுங்கள்.

மேல்நிலை மாணவர்களுக்கு இன்னொன்று. 15 கோடி கி.மீ. தொலைவை 10 மீ/வி² முடுக்கத்தில், பாதி வழி வரை வேகம் கூட்டி மறுபாதியில் குறைத்துக் கடக்க எவ்வளவு நேரமாகும்? சுமார் 68 மணி. விளையாடுபவர் மூன்று நாள் திரையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாதே! அதனால்தான் ஃபிரான்டியரில் காலத்தை வேகமாக ஓட்டும் பொத்தான் வைக்க வேண்டியிருந்தது.

உண்மை வந்ததும் விளையாட்டு சிறந்துவிட்டதா? போர்க் காட்சிகளைப் பொறுத்தவரை இல்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டு கலங்கள் பெரும் வேகத்தில் ஒன்றையொன்று கடந்து, நெடுந்தொலைவு போய், மெல்ல வேகம் குறைந்து மீண்டும் வரும். முதல் பாகத்தின் விறுவிறுப்பை எதிர்பார்த்த பலர் ஏமாந்தார்கள். 2014இல் வந்த 'எலைட்: டேஞ்சரஸ்' மறுபடியும் கலங்களுக்கு வேக வரம்பு வைத்தது. திரைப்படங்களும் கைபேசி விளையாட்டுகளும் ஏன் விமானம் போன்ற விண்கலங்களையே காட்டுகின்றன என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. அறியாமையால் மட்டுமல்ல, சுவைக்காகவும் இயற்பியலை மாற்றுகிறார்கள். எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதை வீட்டுப்பாடமாகத் தந்தால் மாணவர்கள் மறக்காமல் செய்துவருகிறார்கள்.

கணினி ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு. 20 கட்டங்களுக்கு அப்பால் விண்வெளி நிலையம். ஒவ்வொரு முறையும் கலத்தின் வேகத்தை 1 கூட்டலாம், 1 குறைக்கலாம், அல்லது அப்படியே விடலாம். எத்தனை வேகமோ அத்தனை கட்டம் நகர வேண்டும். நிலையத்தில் சரியாக நிற்க வேண்டும். முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லாரும் 1, 2, 3, 4, 5 என்று ஏறி 15ஆம் கட்டத்தில் மகிழ்ச்சியாக நிற்பார்கள். மீதம் 5 கட்டம். ஆனால் 4, 3, 2, 1 என்று குறைத்தாலும் 10 கட்டம் ஓடிவிடும். கலம் 25இல் போய் நிற்கும். அப்போது எழும் கூச்சலை அடக்க வேண்டாம். நான்கைந்து முறைக்குள் யாராவது ஒருவர் 1, 2, 3, 4, 4, 3, 2, 1 என்ற வழியைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு நிலையத்தை 30ஆம் கட்டத்திற்கு மாற்றுங்கள். தேறியவர்களுக்கு இரண்டு திசைகளிலும் நகரும் விதியைக் கொடுத்து, நடுவில் ஒரு கோளைச் சுற்றிவரச் சொல்லலாம்.

ஒன்பதாம் வகுப்பில் இதே எண்களைக் கொண்டு திசைவேகம் - காலம் வரைபடத்தைப் பட்டைகளாக வரையச் செய்யுங்கள். எட்டுப் பட்டைகளின் பரப்பைக் கூட்டினால் 20 வரும். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள்.