கட்சியை எதைக் கொண்டு எடைபோடுவது

அன்பு மகள் யாழினிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதத்தை உன் பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்பதால் இங்கே பிரிட்டனில் படிக்க வந்த உனக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இருக்கிறது. ஆனால் எந்தப் பெரிய கட்சியை எடுத்தாலும் அதன் ஓரத்தில் வெறிப்பேச்சுப் பேசுகிற ஒரு கோஷ்டி இருக்கிறது, அதற்கு ஓட்டுப் போட்டால் நானும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்தவள் ஆகிவிடுவேனே என்று கலங்கியிருக்கிறாய். அதனால் யாருக்குமே போடப்போவதில்லை என்ற உன் முடிவை மட்டும் நான் ஏற்கமாட்டேன் அம்மா.

நீ குடியிருக்கும் பர்மிங்காமையே எடுத்துக்கொள். பக்கத்தில்தான் ஸ்மெத்விக். 1964 பொதுத்தேர்தலில் நாடு லேபர் கட்சியின் பக்கம் சாய்ந்தது; அந்தத் தொகுதியிலோ லேபரின் வெளியுறவு அமைச்சராக வரவிருந்த பேட்ரிக் கார்டன் வாக்கர், கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸிடம் தோற்றார். கறுப்பர்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிடுவார்கள் என்று பயங்காட்டும், சொல்லவே நாக்கூசும் ஒரு முழக்கம் அந்தத் தெருக்களில் உலவியது. அதைக் கண்டிக்க கிரிஃபித்ஸ் மறுத்தார். கட்சித் தலைமை கிடைத்த தொகுதியோடு அவரையும் வைத்துக்கொண்டது. காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று குரல் எழுந்த அங்குள்ள மார்ஷல் தெருவுக்கு, 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் நேரிலேயே வந்து பார்த்தார்.

அந்தத் தேர்தலுக்கு நான்கு ஆண்டு கழித்து அதே கன்சர்வேட்டிவ் கட்சி வேறு மாதிரி நடந்தது. 1968 ஏப்ரல் 20, சனிக்கிழமை. உன் ஊரின் மிட்லண்ட் ஓட்டலில் ஈனக் பவல், குடியேறிகளால் இந்த நாட்டில் ரத்தம் ஓடும் என்று பொருள்படப் பேசினார். அவர் சாதாரண ஆள் இல்லை. எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறையைக் கவனித்தவர். மறுநாளே தலைவர் எட்வர்ட் ஹீத் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அப்போது மக்கள் யார் பக்கம் இருந்தார்கள் தெரியுமா? லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு பவலுக்காக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் அவர் சொன்னது சரி என்றார்கள். ஓட்டு போய்விடும் என்று தெரிந்த நேரத்தில் செய்த காரியம் என்பதால்தான் ஹீத்தை நான் மதிக்கிறேன். அதிலும் குறை உண்டு. பவலைக் கட்சியைவிட்டு அனுப்பவில்லை. 1970-இல் அவர் கன்சர்வேட்டிவ் வேட்பாளராகவே மறுபடி ஜெயித்தார்.

ஓரத்தில் இருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நடுவில் நடப்பது கண்ணில் படாது. பவல் பேசுவதற்கு ஏழு வாரம் முன்பு, லேபர் அரசு ஒரு சட்டம் போட்டது. கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வந்துகொண்டிருந்த குஜராத்திகளையும் பஞ்சாபிகளையும் தடுக்கும் சட்டம். பெற்றவர்களோ தாத்தா பாட்டியோ இந்த மண்ணில் பிறந்திருந்தால் வரலாம், இல்லாவிட்டால் அனுமதிச் சீட்டுக்குக் காத்திரு என்றது. அப்படிக் கேட்டால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாததா? மூன்றே நாளில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மசோதாவைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன் மிதவாதி. பின்னாளில் பிரதமரும் ஆனார். அவர் மேடையில் கத்தவில்லை, சுவரில் முழக்கம் எழுதவில்லை. ஆனாலும் ஒரு ஏழைக் குடும்பத்தை விமான நிலையத்தில் நிறுத்தி வைக்க பவலின் பேச்சைவிட இந்தச் சட்டத்துக்கே அதிக வலு இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

லேபருக்கு இடது ஓரத்திலும் ஒரு சோதனை வந்தது. மிலிட்டன்ட் என்ற குழு கட்சிக்குள் புகுந்து லிவர்பூல் நகர மன்றத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. அந்த மன்றம் தன் ஊழியர்களுக்கே வேலைநீக்க நோட்டீஸை டாக்சி வைத்து ஊரெல்லாம் விநியோகித்தது. 1985 போர்ன்மவுத் மாநாட்டில் லேபர் தலைவர் நீல் கின்னக் அதை மேடையிலேயே போட்டுடைத்தார். அடுத்த ஆண்டு அந்தக் குழுவின் டெரெக் ஹாட்டன் உள்ளிட்டோர் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதற்குக் கைமேல் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. 1987, 1992 இரண்டிலும் லேபர் தோற்றது.

ஆகவே ஒரு கட்சியில் வெறியர்கள் இருக்கிறார்களா என்பது எனக்குப் பெரிய கேள்வியே இல்லை. லட்சக்கணக்கானோர் சேரும் இடத்தில் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களைத் தலைமை எத்தனை நாள் பொறுத்தது, கைவிட்டால் நஷ்டம் என்று தெரிந்தும் கைவிட்டதா, அவர்களை வெளியே தள்ளிவிட்டு அவர்கள் கேட்டதையே சட்டமாக்கிக் கொடுத்ததா என்றுதான் பார்க்கிறேன். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்குப் பேச்சைக் கேட்டால் போதாது. உன் தொகுதி எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்ற பதிவு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. உட்கார்ந்து படி.

இன்னொன்று. உன்னோடு தங்கியிருக்கும் பெண், வெறிப்பேச்சுப் பேசிய உங்கள் கவுன்சிலரின் கட்சிக்காரி என்று தெரிந்ததும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அந்தக் கவுன்சிலர் பேசியதற்கு அவள் என்ன சொல்கிறாள் என்று முதலில் கேள். அவளுக்கே அது அவமானமாக இருக்கலாம். உள்ளே இருந்து எதிர்க்கிறவளாகவும் இருக்கலாம்.

வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த வாரமே சேர்த்துவிடு. வாக்குச்சாவடியில் அடையாளம் கேட்பார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதே. உங்கள் கவுன்சிலர் பேசியதற்குக் கட்சி என்ன செய்தது, எந்தத் தேதியில் செய்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா