மூட்டை தூக்குபவரின் இடுப்பு

கேள்வி: என் வீட்டுக்காரர் சிமென்ட் குடோனில் லோடுமேன். முதுகை வளைக்காமல், முட்டியை மடக்கித் தூக்கச் சொன்னார்கள். அப்படித்தான் தூக்குகிறார், இடுப்புவலி மட்டும் போகவில்லையே?

பதில்: இந்த யோசனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூட்டை தூக்காதவர்கள்! தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்ததால் மட்டும் இடுப்புவலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. முட்டியை மடக்கினாலும், மூட்டை உடம்பைவிட்டுத் தள்ளி இருந்தால் பாரம் இடுப்பில்தான் இறங்கும். வயிற்றோடு அணைத்துத் தூக்குவதே முக்கியம். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல், காலை எடுத்துவைத்து முழு உடம்போடு திரும்பட்டும்.

ஆனால், எடைதான் பெரிய வில்லன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் தோதாக அமைந்தாலும் கையால் தூக்க 23 கிலோதான் வரம்பு என்கிறது. நம்மூர் சிமென்ட் மூட்டை 50 கிலோ! தரையிலிருந்து ஒற்றை ஆளாகத் தூக்கினால் எந்த முறையும் காப்பாற்றாது. இன்னொருவர் கைகொடுத்துத் தோளில் ஏற்றிவிடட்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல், இடுப்பு உயர மேடையில் அடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கட்டும். ஒரு தள்ளுவண்டி வாங்கிப்போடுவது முதலாளிக்குப் பெரிய செலவில்லை.

வலிக்கிறதென்று வாரக்கணக்கில் படுத்துவிட வேண்டாம்; நடமாட்டம் நல்லது. பெல்ட்டை நம்பிக் கூடுதல் எடை தூக்கவும் வேண்டாம். கால் பலம் குறைந்தாலோ, பிட்டம், தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.