சம்பளமும் இல்லை, தூக்கமும் இல்லை!
அயர்லாந்தின் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு 80 ஆயிரம் பேர் கூடுவார்கள். ஆனால் ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது! பகலில் வேலை, மாலையில் பயிற்சி. கவுண்டி அணி வீரர்களுக்கு வாரம் 31 மணி நேரம் வரை ஆட்டத்திலேயே போகிறது, தூக்கமும் போதவில்லை என்றது 2018-ல் வெளியான ஆய்வு.

2015-ன் சிறந்த வீரர் ஜாக் மெக்காஃப்ரி ஒரு டாக்டர். ஆட்டத்தில் சந்தோஷம் இல்லை என்று 2020-ல் டப்ளின் அணியை விட்டு விலகினார். ஓய்வுக்குப்பின் திரும்பி, 2023-ல் சாம்பியன் அணியில் இருந்தார்!

உழைப்பு மிகுந்து உறக்கம் குறைந்தால் வாதம் கூடும் என்கிறது சித்த மருத்துவம். உடம்பு வலி, எரிச்சல், சலிப்பு எல்லாம் கூடவே வரும்.

உங்கள் பிள்ளை 'பிராக்டிஸுக்குப் போகலை' என்றால் சோம்பேறின்னு திட்டாதீங்க. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று முதலில் பாருங்கள்.